நெருப்பு ராமெனும் யூஜினின் ஞாயிற்றுக்கிழமையும்

அந்த வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே யூஜின் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சாப்பிடப் போவதில்லை. யார் கூப்பிட்டாலும் போவதில்லை. கூப்பிடக்கூடிய 'யார்' அவருடைய மனைவி ஹெலினா ஒருத்திதான். அதனால் முடிவை வாய்விட்டுச் சொல்லாமல் கொப்பளித்துத் துப்பிவிட்டார்.

யூஜினுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வாரம் முழுக்க எந்தப் பம்பு எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரே ஓய்வெடுத்தார் என்பது அவருடைய கட்சி. காலையில் பூசை, பகலில் ஆட்டுக்கறிக் குழம்பு, அப்புறம் சோபா. அந்தச் சோபாவில் அவர் படுத்துப் படுத்து அவர் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது.

ஹெலினாவின் கட்சி வேறு. அவள் முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். படுத்திருக்கும் மனிதனைப் பார்த்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு ஞாயிறு பிரியாணி என்பாள், மறு ஞாயிறு பார்பெக்யூ என்பாள். இப்போது வானகரத்தில் பைபாஸ் ஓரமாக 'உலகத் தெரு' என்று ஒன்று திறந்துவிட்டார்களாம். ஒரே கூரையின் கீழ் ஊர் ஊராகத் தெருக்கடைச் சாப்பாடு.

"இந்த ஞாயிறு அங்கதாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

யூஜின் நேரே எதிர் ஃப்ளாட் துலுக்கானத்திடம் போனார். துலுக்கானம் கால்டாக்சி ஓட்டுபவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு குறுக்குச் சந்து உண்டு.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

யூஜின் விஷயத்தைச் சொன்னார்.

"அட, இதுக்கா? வர மாட்டேன்னு சொல்லிப் பாத்தியா?"

"சொல்லிட்டு நான் எங்க போய்ப் படுக்கிறது?"

"அதுவும் கரீட்டு." துலுக்கானம் தாடையைச் சொறிந்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. கூட்டினு போ. சிரிச்சிகினே கூட்டினு போ. அங்க போயி வாய்ல வெக்க முடியாத அயிட்டமா பாத்துப் பாத்து வாங்கிக் குடு. நாத்தம் புட்ச்சது, நாக்கு வெந்து போறது, வழவழா கொழகொழா... எல்லாம் குடு. ஒரே நாள்தான். அப்பால அவுங்களே, 'ஏங்க, நம்ம ஊட்டுச் சோறே தேவலாங்க'ன்னு சொல்லிடுவாங்க. ஜென்மத்துக்கும் வெளிய கூப்ட மாட்டாங்க."

யூஜினுக்கு அந்த இடத்திலேயே துலுக்கானத்தைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. பிடிக்கவும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் வானகரம் போனார்கள். முன்பு டைல்ஸ் குடோனாக இருந்த கட்டடம். உள்ளே நுழைந்தால் தாய்லாந்துக்குப் பக்கத்தில் துருக்கி, துருக்கிக்கு எதிரே மெக்சிகோ. மெக்சிகோவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஒரு மாப்பும் ஒரு வாளியும்.

யூஜின் கம்பெனி டிரெய்னிங்குக்காக ஒருமுறை பாங்காக் போய்வந்தவர். அங்கே கையோடு கொண்டுபோன புளியோதரையைத்தான் சாப்பிட்டார். அது ஹெலினாவுக்குத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க நாலு இடம் போனவரு. நீங்களே பாத்து வாங்குங்க" என்றாள் ஹெலினா. இப்படி அடக்கமாக அவள் பேசி யூஜின் கேட்டதே இல்லை. கல்யாண மேடையில்கூடக் கேட்டதில்லை. அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மார்பு ஓரங்குலம் விரிந்தது.

முதலில் வியட்நாம் கடை. பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து யூஜின் கம்பீரமாக, "ஃபோ" என்றார்.

"எங்க போகணும்?" என்றாள் ஹெலினா.

"போகச் சொல்லல. இது சூப்பு பேரு. ஃபோ."

"வந்த உடனே போன்னா எப்படிங்க?"

கடைக்காரர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். யூஜினே போய்விட்டார், அடுத்த கடைக்கு.

அடுத்தது தாய்லாந்து. அங்கேதான் அவர் தேடி வந்த ஆயுதம் இருந்தது. டூரியன் பழத்தில் செய்த ஐஸ்கிரீம். அதன் வாசனை மூன்று கடை தாண்டி வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். மதுரவாயல் கால்வாய் மூடியைத் திறந்து அதில் சர்க்கரை போட்டதுபோல ஒரு மணம். யூஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய கிண்ணமாக ஒன்று வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

ஹெலினா ஒரு வாய் வைத்தாள். யூஜின் ஆவலாகப் பார்த்தார்.

"அய்யோ, அருமைங்க! பலாப்பழத்துக்கு அத்தை பொண்ணு மாதிரி இருக்கு. இந்தாங்க, ஆ காட்டுங்க."

"இல்ல, உனக்காக வாங்கினது..."

"எல்லாரும் பாக்குறாங்க. ஆ காட்டுங்க!"

அந்த 'ஆ காட்டுங்க' கிரவுண்டில் 'அட்டென்ஷன்' சொல்லும் குரலில் வந்தது. யூஜினின் வாய் தானாகத் திறந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவருக்கு உலகத் தெருவில் எந்த நாடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வாளிக்குப் பக்கத்தில் போய் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனாலும் அவர் சளைக்கவில்லை. ஜப்பான் கடைக்கு வந்து சூஷி வாங்கினார். தட்டின் ஓரத்தில் பச்சையாக ஒரு உருண்டை இருந்தது. வசாபி. அதைக் கொஞ்சம் அதிகமாகத் தொட்டுச் சாப்பிட்டால் மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் என்று அவர் யூடியூபில் பார்த்திருந்தார்.

"ஹெலி, இது புதினா சட்னி. இதத் தனியா, முழுசா வாய்ல போட்டுக்கணும். அதுதான் ஜப்பான் மரியாதை."

"அப்படியா? முதல்ல நீங்க போட்டுக்குங்க."

"லேடீஸ் ஃபர்ஸ்ட்."

"உங்களுக்கு முன்னாடி நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்?" என்றாள் ஹெலினா. உண்மையில் தினமும் அப்படித்தான் சாப்பிடுவாள். அதைச் சொல்ல யூஜின் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் பச்சை உருண்டை போய்விட்டது.

கண், மூக்கு, காது எல்லாம் ஒழுகின. வாழ்நாள் முழுக்கப் பம்புகளில் தேடிய கசிவு அன்றைக்கு அவரிடமே அகப்பட்டது.

"என்னங்க, அழுறீங்க?"

"இல்ல... பாங்காக் ஞாபகம் வந்துடுச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எதிரே கொரியாக் கடை தெரிந்தது. கடைக்கு மேலே தீப்பிழம்பு படம் போட்டு, கொரிய எழுத்தில் என்னென்னவோ எழுதிய பெரிய பேனர். அதன் நடுவே தமிழில் 'நெருப்பு ராமென்'. ராமென் என்றால் நூடுல்ஸ் மிதக்கும் சூப்பு. கடையில் நின்றவர் பூந்தமல்லிக்காரர் ராஷித். தலையில் கொரியத் துண்டு, வாயில் மெட்ராஸ் பாஷை.

ஹெலினாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு யூஜின் கல்லா ஓரமாகச் சாய்ந்து குசுகுசுத்தார்.

"தம்பி, ரெண்டு ராமென். எனக்குச் சாதா. அம்மாவுக்கு நெருப்பு."

"எவ்ளோ நெருப்பு சார்?"

"ஃபயர் சர்வீஸ் வர்ற அளவுக்கு."

"செஞ்சிரலாம் சார்" என்றார் ராஷித், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இரண்டு கிண்ணம் வந்தன. இரண்டும் ஒரே சிவப்பு. யாருக்கு எந்தக் கிண்ணம் என்று ராஷித்தே பார்த்து வைத்ததால் யூஜின் தைரியமாக இருந்தார். "ராமென்" என்று சொல்லிக் குச்சியைத் தூக்கினார். "ஆமென்" என்று ஹெலினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் வாய் உள்ளே போனது. யூஜினுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நாக்கு இருந்த இடத்தில் யாரோ இஸ்திரிப்பெட்டி வைத்ததுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். ஹெலினா சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"காரமே இல்லைங்க. உங்களுக்குக் காரமா என்ன?"

யூஜின் யோசித்தார். காரம் என்று சொன்னால், 'ரெண்டும் ஒண்ணுதானே, உங்களுக்கு மட்டும் எப்படிக் காரமாச்சு?' என்று கேட்பாள். அப்போது யாருக்கு எது சொன்னார் என்பது வெளியே வரும். வெளியே வந்தால் சோபா போகும், குழம்பு போகும், அநேகமாகப் படுக்கையறையும் போகும்.

"சப்புன்னு இருக்கு" என்றார்.

"அப்ப மிச்சம் வைக்காதீங்க. சாப்பாட்டை வீணாக்கினா பாவம்."

யூஜின் சாப்பிட்டார். இரண்டாம் வாயில் தலைமுடி நின்றது. நாலாவது வாயில் நின்ற முடி வியர்வையில் படுத்தது. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. இறந்துபோன அப்பாவை நினைத்தார், பெரிய வெள்ளிப் பாடுகளை நினைத்தார், திருமழிசை பக்கம் தான் வாங்கிப்போட்ட காலிமனைக்கு வாரிசு இல்லாமல் போய்விடுமே என்று நினைத்தார். சுற்றிலும் கூட்டம் கூடியது. யாரோ கைதட்டினார்கள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தன் கடைசி நிமிடங்களைப் படமெடுக்கிறார்கள் என்று யூஜின் எண்ணிக்கொண்டார். கிண்ணத்தைத் தூக்கி அடியில் கிடந்த சாற்றையும் குடித்துவிட்டு, தலையை மேஜைமேல் சாய்த்தார்.

டாங்!

ராஷித் ஒரு பெரிய வெண்கல மணியை அடித்தார். மேலேயிருந்து கலர்த்தாள் கொட்டியது.

"அல்லாரும் கேட்டுக்கோங்க! நம்ம கடை தொறந்ததுலேர்ந்து நெருப்பு ராமென் போட்டில முழுக் கிண்ணத்தையும் காலி பண்ண மொத ஆளு, முகப்பேர் யூஜின் சார்!"

"போட்டியா? எ... என்ன போட்டி?" என்றார் யூஜின். வாயிலிருந்து வந்தது, "போழ்ழியா? எ... எஞ்ஞ போழ்ழி?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறாரு பாரு சாரு! வெள்ளிக்கெழமையே மிஸ் ஃபோன் பண்ணி உங்க பேரைக் குடுத்துட்டாங்களே. போட்டின்னு பேனர்லகூடக் கொரியன்ல போட்டிருக்கு, பாக்கலியா?"

"மிஸ்?"

"நம்ம ஹெலினா மிஸ்தான் சார் எனக்கு ஸ்கூல்ல கபடி சொல்லிக் குடுத்தது. அவங்க சொன்னா மாத்தி வெப்பனா? நெருப்பு உங்களுக்குத்தான்னு அன்னிக்கே சொல்லிட்டாங்க."

யூஜின் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஹெலினா அவருக்கு ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். அவள் கிண்ணத்தில் மிச்சமிருந்தது வெறும் தக்காளிச் சாறு.

"பரிசு இன்னா தெரியுமா சார்?" ராஷித் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "ஒரு வருசத்துக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாலு பேருக்கு இங்க ஃப்ரீ சாப்பாடு! எந்த நாட்டுக் கடையில வேணா சாப்பிடலாம். ஒரே ஒரு கண்டிஷன். ஜெயிச்சவரு நேர்ல வரணும். அவரு வரலேன்னா பாஸ் செல்லாது."

கூட்டம் ஆரவாரம் செய்தது. யூஜின் கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. செல்போன்காரர்கள் நெருங்கி வந்து அதை எடுத்துக்கொண்டார்கள். "எவ்ளோ சந்தோஷம் பாரு மனுசனுக்கு" என்று ஒரு அம்மா தன் பேத்திக்குக் காட்டினாள்.

"ஹெயி..." என்றார் யூஜின், வேகாத பாதி நாக்கால். "ஞாழு பேழா? ழெண்டு பேருதாஞே ஞாம?"

"மீதி ரெண்டு பேரு அங்க இருக்காங்க பாருங்க."

மெக்சிகோ கடை ஓரத்தில் துலுக்கானம் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கண்ணம்மா. இருவர் கையிலும் டாக்கோ.

"இன்னா நைனா, அசத்திட்டியே!" என்று துலுக்கானம் வந்து தோளைத் தட்டினார். "கோச்சுக்காத. நீ வந்து சொன்னத அப்பவே ஹெலினா தங்கச்சிக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன். மனசு கேக்கல. அதுவும் இல்லாம பாஸு நாலு பேருக்காமே. நீ படுத்துகினா நாங்க எப்டி சாப்புடறது? இனிமே நம்ம டாக்சியிலயே போலாம், நீ பின்னாடி சாஞ்சிகினு வா."

யூஜின் அவரைத் திட்ட வாயைத் திறந்தார். திட்டுவதற்குத் தேவையான எழுத்துகளில் பாதி அவர் நாக்குக்கு வரவில்லை. வந்த எழுத்துகளை வைத்துத் திட்டிப் பார்த்தார். "தேங்க்ஸு சொல்றாரு" என்று கண்ணம்மா நெகிழ்ந்துபோனாள்.

வீட்டுக்கு வந்ததும் யூஜின் ஒரு பனிக்கட்டியை வாயில் அதக்கிக்கொண்டு சோபாவில் விழுந்தார். சரி, ஆனது ஆயிற்று, வாரத்துக்கு ஒருமுறை போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், பார்லி கஞ்சி எந்த நாட்டுக் கடையிலாவது கிடைக்காமலா போகும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

மார்பின்மேல் எதுவோ பொத்தென்று விழுந்தது. திறந்து பார்த்தால், ஒரு பை நிறையக் குண்டு குண்டாக ஆரஞ்சு நிற மிளகாய்.

"எழுந்து உக்காருங்க" என்றாள் ஹெலினா. "அடுத்த வாரம் மெக்சிகோ கடையில போட்டி, உங்க பேரைக் குடுத்துட்டேன். இன்னிக்கு அரை மிளகாயில ப்ராக்டிஸ் ஆரம்பிக்கலாம்."