சாயம் ஒதுங்கிய இடம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரே ஒரு மூக்கை நம்பி ஒரு கல்லூரி நடந்தது என்றால் அது எங்கள் கல்லூரிதான். அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் வேதியியல் ஆய்வக உதவியாளர் மோப்பம். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்?

மூன்றடி தள்ளி நின்றே பாட்டிலில் இருப்பது அசிட்டோனா ஆல்கஹாலா என்று சொல்லிவிடுவார். சர்க்கரை நோய்க்கார முதல்வர் கதவைச் சாத்திக்கொண்டு மைசூர்பாகு தின்றது வராந்தாவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் ஒயர் கருகுகிறது என்று சொல்லி எங்கள் எல்லோரையும் வெளியே விரட்டினார். புகை பத்து நிமிடம் கழித்து, சாவகாசமாக வந்து சேர்ந்தது.

அப்போது நான் அங்கேயே ஆசிரியர்; நாற்பத்தாறு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவனும்கூட. டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி. அதன் படிகளுக்கு நடுவே ஒரு சாயம் புகுந்துகொண்டால் புற ஊதா விளக்கில் ஆரஞ்சாக மின்னும். அதை அளப்பதுதான் என் வேலை. நேரில் பார்க்கச் சென்னையிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வருவதாகக் கடிதம் வந்தது. மின்னாவிட்டால் நாலு வருட உழைப்பு அம்பேல்.

காலை ஒன்பதரைக்கு விளக்கைப் போட்டேன். சாயம் கலந்த சோதனைக் குழாய் என் முகத்தைப் போலவே வெளிறிக் கிடந்தது.

விளக்கைத் தட்டினேன். கருவியை அணைத்துப் போட்டேன். என்னையும் அப்படி அணைத்துப் போட முடியுமா என்று யோசித்தேன். வாலாஜாபாத் ரோட்டில் டீக்கடைக்குத் தோதான இடத்தை மனம் பார்த்துவிட்டது. பெயர்ப்பலகைக்கு நிறம்கூடத் தேர்ந்தாயிற்று.

மோப்பம் துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றார்.

"சார், ஸ்பிரிட்டு வாசன இங்க வரைக்கும் தூக்குது. இன்னா ஊத்தி வெச்சிகிறீங்க?"

ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வரும் சம்பந்திக்கே வெறும் தண்ணீர் கொடுப்பதில்லை; வருவதோ பேராசிரியர்கள். அதனால் வழக்கமாக உப்புத் தண்ணீரில் கலப்பதை, இருப்பதிலேயே உசத்தியான ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி ஊற்றிக் கலந்திருந்தேன்.

மோப்பம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்தச் சாயத்துக்குத் தண்ணின்னா ஆவாதுன்னு நீங்கதான புள்ளைங்களுக்குச் சொல்லிக்கினு இருப்பீங்க? வெளிய மழ கொட்டுனாத்தான் ஜனம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒதுங்கும். நீங்க வெளியவே ஏசி போட்டுக் குட்த்துட்டீங்க. அது இன்னாத்துக்கு சார் ஏணிக்குள்ள போவுது?"

நான் நாற்பது பக்கம் எழுதியும் விளங்காத சங்கதி, மோப்பம் துடைப்பத்தின் மேல் சாய்ந்தபடி சொன்னதில் விளங்கிவிட்டது.

மிச்சமிருந்த டி.என்.ஏ. ஒரே ஒரு குழாய்க்குத்தான் போதும். மோப்பம் குழாயைப் பிடித்துக்கொள்ள, நான் உப்புத் தண்ணீரில் கலந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டபோது ஆரஞ்சு பற்றிக்கொண்டது.

பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். மூத்தவர் மட்டும், நான் முதுகுக்குப் பின்னால் ஒளித்த வெளிறிய குழாயைக் காட்டி, அது என்ன என்றார். நான் குழாயைச் சட்டைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"அது மழ இல்லாத பஸ் ஸ்டாண்டு சார்" என்றார் மோப்பம்.

விளக்கத்தைக் கேட்டுவிட்டு மூத்தவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மின்னுவது எப்படிக் குறைகிறது என்று அளக்கச் சொன்னார். என் ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான். நன்றிப் பக்கத்துக்குப் பெயர் கேட்டேன். "மோப்பம்னே போடுங்க சார், அப்பதான் எங்க வூட்லயே நம்புவாங்க" என்றார்.

இப்போது அவர் வாலாஜாபாத்தில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருக்கிறார். இங்கே மழை பிடித்தால் பஸ் ஸ்டாண்டுக்குள் முதலில் ஓடும் ஆள் நான்தான். ஓடினாலும், வாலாஜாபாத்திலிருந்து பஸ் வந்து நிற்கும் வரை பக்கத்தில் ஓர் ஆள் ஒதுங்க இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.