ஊர்ப்பேர் அண்ணையும் என் இரண்டு பேரும்

இதை எழுத வேண்டுமென்று நினைத்துப் பல வருஷமாகிறது. ஒவ்வொரு முறையும் பயம் பிடித்துப் பேனையை மூடிவிடுவேன். பேர் விஷயத்தை எழுதப்போய், வீட்டுக்கு இன்னொரு கடிதம் வந்தால்? முருகன் விட்ட வழியென்று இன்று எழுதுகிறேன்.

லண்டன் முழுவதிலும் ஒருவருடைய பேரையும் சுருக்கிக் கூப்பிடாத ஒரேயொரு மனிதர் ஊர்ப்பேர் அண்ணைதான். குரொய்டனில் ஆசுபத்திரி விரிப்புகள் தோய்க்கும் லோண்டரியில் என்னோடு ஒரே மேசையில் நின்று மடித்தவர். ஸ்லோவேனியாக்காரர். அது எங்கே இருக்கிறது என்று கேட்டவனுக்கு அன்றைய டீ பிரேக் போச்சு; ஊர்ப்பேரின் கதை தொடங்கிவிடும், அதனால்தான் நாங்கள் வைத்த பட்டம் ஊர்ப்பேர் அண்ணை. அவருடைய இங்கிலீசை நம்முடைய பேச்சிலேயே தருகிறேன்: "என்ரை ஊர் மலைமேலை. பேர் ஷ்டான்யெல். ஷென்ட் தானியேல், அதாவது புனித தானியேல், சனத்தின்ரை வாயிலை தேய்ஞ்சு தேய்ஞ்சு ஷ்டான்யெல் ஆச்சுது."

லோண்டரியில் என் பேர் 'விஸ்'. அவர் மட்டும் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து தோர்ண்டன் ஹீத் முழுக்கக் கேட்க, "விசு-வ-லிங்-கம்!" என்று கத்துவார். நான் சீற்றுக்குக் கீழே குனிவேன். இந்த நாட்டுக்கு வந்தபோது எழுதிய பத்திரத்தில் விசுவலிங்கம். சம்பளத் துண்டுகளில் விஸ். இரண்டும் ஒருநாள் சந்தித்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சந்தித்தன. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டேன், கடிதம் வந்தது: இந்த இரண்டு பேரும் ஒரே ஆளா? உங்களைத் தெரிந்த ஒருவருடன் நேரில் வரவும். மூன்று நாள் அந்தக் கடிதத்தையே திருப்பித் திருப்பி வாசித்தேன். திருப்பி அனுப்பினால் மனுசி பிள்ளைகள் கதி?

"நான் வாறன்," என்றார் ஊர்ப்பேர் அண்ணை.

பக்கத்து மேசை ராணியக்கா தலையில் கை வைத்தா. "தம்பி, இந்தாள் அங்கை வாய் திறந்தால் உன்னை மட்டுமில்லை, என்னையும் சேர்த்துப் பிளேன் ஏத்திப்போடுவாங்கள்!"

நான் கெஞ்சினேன். "அண்ணை, கேட்டதுக்கு மட்டும் பதில். முருகன்மேலை சத்தியம் செய்யுங்கோ."

"அவர் எங்கை இருக்கிறார்?"

"மலைமேலை."

"அப்ப எங்கடை ஊர்ப்பக்கந்தான்," என்று சத்தியம் செய்தார்.

அந்த அலுவலகத்தில் என் சட்டைப்பையிலிருந்த திருநீறு வேர்வையில் களியாகிவிட்டது. அதிகாரிப் பெண் கோப்பைத் திறந்து, "மிஸ்டர் விஸ்?" என்றார்.

சத்தியம் அவ்வளவுதான். அண்ணை எழும்பிவிட்டார்.

"விஸ் இல்லை, விசுவலிங்கம்! என்ரை ஊரும் இப்பிடித்தான். இத்தாலிக்காரன் ஆண்டநேரம் சான் தானியேலே எண்டு எழுதினவன். எப்பிடி எழுதினாலும் மலை ஒண்டுதானே? வாயிலை பேர் தேய்ஞ்சால் உள்ளையிருக்கிற சாமி வெளியிலை போயிடுவாரோ?"

எனக்குப் பிளேன் சத்தமே காதில் கேட்டது. அந்தப் பெண் என்னிடம் திரும்பினார். "இவர் எவ்வளவு காலமாக உங்களை இப்படிக் கூப்பிடுகிறார்?"

"ஏழு வருஷம் மேடம். ஒவ்வொரு நாளும். பஸ்ஸிலையும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, கையெழுத்து வைத்தார்.

அண்ணை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாருடைய முழுப்பேரையும் காப்பாற்றிய மனிதரின் பேரை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அவருக்கும் ஓர் அர்ச்சனை.

"பேர்?" என்பார் ஐயர்.

"ஷ்டான்யெல்."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. மலைமேலை இருக்கிறவர்."

இதை யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அந்தப் பேரை மட்டும் இன்னும் சுருக்கிவிடாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறார்.