இரண்டு சேர்ந்தால் இரண்டும் போய்விடும்

ஆரணி
9-9-2004

அன்புள்ள லாவண்யா அக்காவுக்கு, தங்கை காவ்யா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். அதனால் நலம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எங்காவது மை கரைந்திருந்தால் அது சொம்புத் தண்ணீர்.

நேற்று தேவிகாபுரத்திலிருந்து உனக்காக மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா தனகோடி அம்மாள், பெண் பெங்களூரில் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். அப்பா "அணு" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நீ குண்டு செய்கிறாய் என்று நினைத்திருப்பார். உன்னைக் காப்பாற்றத்தான் அக்கா வாயைத் திறந்தேன். இது நியூட்ரல் அணு, ஷாக் அடிக்காது, ஒளியால் ஒவ்வொன்றாகப் பிடித்து வரிசையாக நிறுத்துவார்கள், கம்ப்யூட்டரால் போட முடியாத கணக்கை ஒருநாள் அந்த வரிசையே போட்டுக் காட்டும் என்று பொங்கலுக்கு நீ சொன்னதை அப்படியே சொன்னேன். கூட வந்த மாமா கரண்டாபீஸில் லைன்மேனாம். "நியூட்ரல் ஒயர்லயும் கரண்ட் ரிட்டன் வந்தா ஆள தூக்கிடும் பாப்பா" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த ஒளியில் குழி குழியாக இருக்கும், ஒரு குழியில் ஒரு அணுதான் நிற்கும், இரண்டு சேர்ந்தால் இரண்டும் போய்விடும், அதனால் பாதிக் குழி காலியாகவே கிடக்கும் என்றும் சொல்லிவிட்டேன்.

தனகோடி அம்மாள் அப்பாவைப் பார்த்து, "கல்யாணம் பேசற எடத்துல இன்னா பேச்சு இது, ரெண்டு சேந்தா ரெண்டும் பூடுமாமே" என்றார். தட்டில் வைத்த பூவைத் தொடாமலே ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். தறியை நிறுத்திவிட்டு, "நாயித்துக்கெழம போயி அவள கூட்டிகினு வந்துர்றேன். படிச்சது போதும்" என்றார். உன் படிப்பு என் வாயால் நிற்கப் போகிறது அக்கா. நீ சனிக்கிழமையே ஹாஸ்டலை விட்டு ஏதாவது தோழி வீட்டுக்குப் போய்விடு. அப்பா தேடிவிட்டுத் திரும்பிவிடுவார். நான் எழுதியது அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.

உன் அணுக்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கப் பச்சையம்மனை வேண்டிக்கொள்ளும்,
காவ்யா

பி.கு.: உன் விலாசம் அப்பாவின் டைரியில் இருக்கிறது. டைரி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதனால் அம்மா உனக்குக் கட்டித் தரும் முறுக்குப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அப்பாவிடமே அனுப்புகிறேன். இப்போதுதான் புரிகிறது, நீ இதைப் படிக்கும்போது அவர் உன் எதிரில் இருப்பார். மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடு. பஸ்ஸில் அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், முதலில் சாப்பிட வை. பிறகு, கூட்டிக்கொண்டு கிளம்புவதற்குள், ஒரே ஒரு அணுவையாவது அவருக்குக் காட்டு.