வெள்ளிக்கிழமைக் கூட்டம்

"சரி, யாராச்சும் ஒருத்தர் ஆரம்பிங்க" என்றார் தலைமையாசிரியர் சிவப்பிரகாஷ்.

யாரும் ஆரம்பிக்கவில்லை. பொங்கியண்ணன் சார் தலைக்கு மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாத்தாள் டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். கௌசிகா டீச்சர் மூவரிலும் இளையவர். பெரியவர்கள் இருக்கும்போது முந்திப் பேசுவது மரியாதை இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

பாலக்காடு ஜில்லாவில், சித்தூருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளி அது. நாலு வகுப்பு, தலைமையாசிரியரையும் சேர்த்து நாலு பேர். போன வருஷம் வரைக்கும் அவரவர் பாடத்திட்டத்தை அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார்கள். பொங்கியண்ணன் சாருடைய பாடத்திட்டம், தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்கிற அளவுக்குப் பக்குவப்பட்டது. இந்த வருஷம் முறை மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பேசி முடிவு செய்யவேண்டும். பேசவைக்கிற பொறுப்பு தலைமையாசிரியருடையது.

சிவப்பிரகாஷ் ஜூனில்தான் இந்த நாற்காலிக்கு வந்தார். பயிற்சி முகாமில் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பிவிட்டார். நல்ல மனுஷன், அதுதான் சிக்கலே.

அன்றைக்கு அவரே முதலில் பேச வாயெடுத்தபோது மருதாத்தாள் டீச்சரின் போன் அடித்தது. வீட்டில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கிவிட்டதாம். மாடு விஷயத்தில் யார் என்ன சொல்லமுடியும்? அவர் எழுந்தார். ஒரே ஆட்டோவில் போகிறவர்கள் என்பதால் மற்ற இருவரும் எழுந்தார்கள். கூட்டம் முடிந்தது.

பசியோடு உட்காரவைத்தால் யாருக்குத்தான் பேச்சு வரும் என்று தோன்றியது சிவப்பிரகாஷுக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை முக்குக் கடையிலிருந்து டீயும் உளுந்து வடையும் வரவழைத்தார். பேச்சு வந்தது. வடையைப் பற்றி வந்தது. எண்ணெய் பழசா புதுசா என்பதில் தொடங்கி, பொங்கியண்ணன் சாரின் சர்க்கரை அளவுக்குப் போய், பாலக்காட்டில் எந்த டாக்டர் கைராசிக்காரர் என்பதில் வந்து நின்றபோது வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஒருவேளை தன்னைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்களோ? அதற்கடுத்த வாரம், நீங்களே மனசுவிட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். உள்ளே சளசளவென்று பேச்சுச் சத்தம், நடுநடுவே சிரிப்பு. மனுஷனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஆவலோடு உள்ளே வந்தவரைப் பார்த்துப் பொங்கியண்ணன் சார் எழுந்து நின்றார்.

"ஒரே மனசா முடிவு பண்ணிட்டோமுங்க சார்" என்றார். "இதையெல்லாம் நீங்களே முடிவு பண்ணிச் சொல்லீட்டா நல்லா இருக்குமுங்க."

அன்றைக்குச் சிவப்பிரகாஷுக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி சிவசங்கரி, ஊரார் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கிறேன் என்று போனவருக்கு வாத்தியார்களை ஒன்றுசேர்க்க வரவில்லையே என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

பிறகு போனில் ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்தார். எழுதினால் கூச்சம் இருக்காது அல்லவா? குரூப்பில் தினமும் விடியுமுன்னே ரோஜாப்பூ வந்தது, பிள்ளையார் வந்தார், கௌசிகா டீச்சரின் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. பாடம் மட்டும் வரவில்லை. சரி, ஆளுக்கொரு வேலை கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருவர் நடத்த, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் கேள்வி கேட்க என்று பிரித்துவிட்டார். கேள்வி கேட்கும் வேலை பொங்கியண்ணன் சாருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் வகுப்பு ஓடு ஒழுகுவது எப்போது சரியாகும், தமிழில் கைப்புத்தகம் ஏன் எப்போதும் பிந்தியே வருகிறது, மத்தியானச் சோற்றுக்கு முருங்கைக்காய் யார் வாங்குவது என்று கேட்டுக்கொண்டே போனார். பாடத்தைப் பற்றிக் கேளுங்கள் சார் என்று கெஞ்சியபோது, கேட்கச் சொன்னதால்தானே கேட்டேன் என்று அவர் மனம் நொந்துபோய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே அந்த வெள்ளிக்கிழமை தீர்ந்தது.

இப்படியே ஓணமும் போயிற்று, காலாண்டுப் பரீட்சையும் போயிற்று.

அப்போதுதான் சித்தூரில் தலைமையாசிரியர்கள் கூட்டம் நடந்தது. உங்கள் பள்ளியில் கூடித் திட்டமிடுவது எப்படிப் போகிறது என்று உதவிக் கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. மேடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லோரும் ஜோராக நடக்கிறது என்றார்கள். சிவப்பிரகாஷின் முறை வந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றுதான் எழுந்தார். வாய் என்ன செய்யும்? "எங்க ஸ்கூல்ல அமர்க்களமா நடக்குதுங்க மேடம்" என்று அது தானாகச் சொல்லிவிட்டது.

மேடம் மனம் குளிர்ந்துபோனார். அப்படியானால் வரும் வெள்ளிக்கிழமை மற்ற தலைமையாசிரியர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்றார். எங்கேயுமே இது சரியாக நடக்காவிட்டால், தமிழ் மீடியம் ஆசிரியர்கள் எல்லோரையும் சனிக்கிழமைதோறும் சித்தூருக்கு வரவழைத்து உட்காரவைக்கவேண்டியதுதான் என்றும் சொன்னார். தன் வாயால் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட சிவப்பிரகாஷ், திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூட மறந்துபோனார்.

திங்கட்கிழமை மூவரையும் கூப்பிட்டு, மேடம் சொன்ன சனிக்கிழமை விஷயம் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"பொய் சொல்லிப்போட்டேனுங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத்தான் உங்கள நடத்தத் தெரியல. வெள்ளிக்கெழம அத்தன பேர் முன்னால என்ற மானம் போகப்போவுது. போனாப் போகட்டும். ஆனா நீங்க தனித்தனியா எவ்வளவு நல்ல வாத்தியாருங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணா ஒக்கார வெக்க முடியலையேன்னுதான் வருத்தமா இருக்குது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கௌசிகா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. மருதாத்தாள் டீச்சர் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"சனிக்கெழமயுங்களா சார்?"

"ஆமாங்க டீச்சர். வாராவாரம்."

"சரிங்க சார்" என்று எழுந்து போய்விட்டார்கள். இவ்வளவு சொல்லியும் அவ்வளவுதானா என்று சிவப்பிரகாஷ் மேஜையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடம் வந்தார். ஒரு வேன் நிறையத் தலைமையாசிரியர்கள் வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். சிவப்பிரகாஷ் சாமியை நினைத்துக்கொண்டு, "யாராச்சும் ஆரம்பிங்க" என்றார்.

கௌசிகா டீச்சர் ஆரம்பித்தார். அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்கு அளவுகள் பாடம், லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர். புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏறாது என்றார். ஏறாது என்று ஒப்புக்கொண்ட மருதாத்தாள் டீச்சர், தன் இரண்டாம் வகுப்பிலேயே பாதியும் கால்பங்கும் தெரியாமல்தான் பாதிப் பிள்ளைகள் மேலே போனார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்கவேண்டும் என்றார். பாதிப் பிள்ளைகள் வீட்டில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள், பால் அளக்கிற அளவைக் கொண்டுவரச் சொல்லலாம் என்று கௌசிகா சொன்னார். பாலைச் சிந்திவிட்டால் வீட்டில் அடி விழும், தண்ணீர் போதும் என்று மருதாத்தாள் திருத்தினார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பொங்கியண்ணன் சார் கனைத்தார். மறுபடியும் ஓடு, முருங்கைக்காய் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று சிவப்பிரகாஷ் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இத்தன வருசமா இந்தப் பாடத்த நான் தப்பாத்தான் நடத்திட்டு வந்திருக்கறேனுங்க" என்றார் பொங்கியண்ணன் சார். "மொதல்ல கணக்குப் போட வெச்சுப்போட்டு அப்பறந்தான் அளக்க வெப்பேன். இந்தவாட்டி மாத்திப் பார்க்கலாமுங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். ஒருவர் தடுமாறினால் மற்றவர் தாங்கினார். எங்கே பிள்ளைகள் தவறு செய்வார்கள், அப்போது என்ன செய்வது, முடிந்தபின் சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுவரை பேசி முடித்தார்கள். சிவப்பிரகாஷ் வாயே திறக்கவில்லை. திறக்க அவசியமே வரவில்லை.

சனிக்கிழமைப் பேச்சு அன்றோடு ஒழிந்தது. இவ்வளவு ஒத்துப்போகிற ஆசிரியர்களை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்று மேடம் சொன்னார். அடுத்த மாதம் பாலக்காட்டில் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி, ஆசிரியர்களை இப்படி வழிநடத்துவது எப்படி என்று சிவப்பிரகாஷ்தான் பேசவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வேனில் வந்தவர்கள் பாடத்தைப் பற்றி இன்னும் கேட்கவேண்டும் என்று மூன்று ஆசிரியர்களையும் தங்களோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்காக வந்த ஆட்டோ காலியாக நின்றது. சிவப்பிரகாஷ் அதில் ஏறிக்கொண்டார். ஓட்டுகிற கோகுல்நாத் அந்த ஊர்க்காரர்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஜூன் மாதத்திலிருந்து மூவரையும் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய் விடுகிறவர்.

காற்று சுகமாக இருந்தது. பாலக்காட்டில் பேசப்போவதைச் சிவப்பிரகாஷ் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பொறுமை வேண்டும் என்று தொடங்கலாம். தலைவன் தன் குறையை ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதை நடுவில் வைக்கலாம். திங்கட்கிழமை தான் பேசிய பேச்சுத்தான் அவர்களை மாற்றியிருக்கிறது என்று நினைத்தபோது தன்மேலேயே அவருக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. மனசு மாறலாம், பழக்கம் நாலு நாளில் எப்படி வரும்?

"ஏனுங்க கோகுலு, இந்த வாரம் வண்டியில டீச்சருங்க பாடத்தப் பத்திப் பேசிக்கிட்டாங்களா?"

"ஆமாங்க சார். போகையில வரையில அதே பேச்சுத்தானுங்க. ஆளுக்கொரு வேலை பிரிச்சுக்கிட்டாங்க, ஒத்திக பார்த்தாங்க, எங்க சொதப்புதுன்னு பார்த்துத் திருத்திக்கிட்டாங்க."

"நாலே நாள்ல எப்படிங்க இவ்வளவு பழகினாங்க?"

கோகுல்நாத் கண்ணாடியில் அவரைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"நாலு நாளுங்களா? ஜூன் மாசத்துலருந்தே இப்படித்தானுங்க சார் ஒண்ணா ஒக்காந்து பிளான் போடறாங்க. இந்த வாரந்தான் பாடத்துக்கு, அதுவரைக்கும் உங்க மீட்டிங்க எப்படிக் கலைக்கறதுங்கறதுக்கு."