முக்கால் படம் சொன்ன சாட்சி

காலை பத்து நாற்பது. கூத்தாநல்லூர் சாலையில் நான் முதலில் பார்த்தது, தலைகீழாக நிறுத்தியிருந்த ஒரு சைக்கிளின் பின்சக்கரத்துக்குள் தெரிந்த ஒரு முகம். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முகம் சுற்றவில்லை. சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

தஞ்சை ஜில்லாவில் அவர் அளவுக்கு சினிமா பார்த்தவர் கிடையாது. அவர் அளவுக்கு சினிமா பார்க்காதவரும் கிடையாது. இரண்டும் உண்மை. வந்த படம் எல்லாவற்றுக்கும் போவார். எந்தப் படத்தையும் கடைசி வரை பார்த்ததில்லை. ஏறக்குறைய முக்கால் பங்கு ஆனதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவார். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் முக்கால் படம். சைக்கிள் கடைப் பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

"நேத்து கொட்டகைக்குப் போனீங்களா தம்பி?" என்றது முகம்.

போகவில்லை என்றேன். நான் அந்த ஊருக்கு நிருபராக வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"போங்க. நல்ல படம். அதுல ஒரு மில் முதலாளி வர்றாரு. தங்கமான மனுஷன். இந்தக் காலத்துல அப்படி ஒருத்தரைப் பாக்க முடியாது."

அன்று மாலையே போனேன். கடைசி முக்கால் மணி நேரத்தில் அந்தத் தங்கமான மனுஷன் மில்லுக்குத் தீ வைத்தார், கூடப் பிறந்த தம்பிக்கு விஷம் வைத்தார், போலீஸ் ஜீப்பில் ஏறும்போதுகூடச் சிரித்தார். மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இதைச் சொன்னேன்.

"நான் பாத்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறம் என்ன சகவாசமோ."

அவரோடு படம் பேசுவதில் இருந்த சிக்கல் இதுதான். பார்த்ததை மட்டும்தான் சொல்வார். பார்க்காததை யார் சொன்னாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஒரு படத்தில் கதாநாயகிக்குக் கண் போய்விடும். முடிவில் பட்டணத்து டாக்டர் ஒருவர் கட்டை அவிழ்ப்பார், பார்வை திரும்பும். ஊரே கைதட்டிய கட்டம் அது. முக்கால் படத்துக்கு மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாமலேயே இருந்தது. நாலு மாதம் கழித்தும், டியூபுக்கு ஒட்டுப் போடும்போது திடீரென்று கையை நிறுத்தி, "அந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணுதோ" என்பார்.

"அண்ணே, அதுக்குக் கண்ணு வந்துடுச்சுண்ணே," என்று காற்றடிக்க வந்தவர் யாராவது சொல்வார்.

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கலியே."

அவர் கடையில் பத்து நிமிடம் நின்றால், தான் பார்த்த படம் வேறு ஏதாவதா என்று எவருக்கும் சந்தேகம் வந்துவிடும். கொலைப் படத்தைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, "கொலையா? அப்படி ஒண்ணும் நடக்கலியே" என்பார். பிரிந்த அண்ணன் தம்பி கதை என்றால், "ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் போறாங்க. பேசிக்க மாட்டேங்கறாங்க" என்பார். ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன்: ஏன் கடைசி வரை உட்கார்வதில்லை?

"நல்ல படம்னா கெடுக்கறதுக்குள்ள வந்துடணும் தம்பி. மோசமான படம்னா கெட்டப்புறம் எதுக்கு உக்காந்திருக்கணும்?"

அதையும் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

அப்போது ஆட்சி மாறியிருந்த சமயம். சினிமாக் கருத்து என்பது வெறும் கருத்தாக இருக்கவில்லை. ஒரு நடிகரின் படத்தை 'சுமார்' என்று சொன்னால் ஒரு கட்சியின் கொடிக்கம்பத்தைச் சாய்த்ததாக எடுத்துக்கொள்வார்கள். டீக்கடையில் படம் பேசி, வயலில் கைகலப்பில் முடிந்த செய்திகளை நானே எழுதியிருக்கிறேன். முக்கால் படத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை. அவர் எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கத்துக்கும் புரியவில்லை.

என்னை ஒருமுறை மாட்டிவிட்டார். தவறு என்னுடையது. ஜுரத்தில் படுத்திருந்தபோது, புதுப் படம் பற்றி நாலு வரி உடனே வேண்டும் என்று ஆபீசிலிருந்து தந்தி வந்தது. முக்கால் படத்தைக் கேட்டேன். "ஒரே தமாஷ், வயிறு வலிக்குது" என்றார். 'குடும்பத்தோடு சென்று சிரித்து மகிழலாம்' என்று எழுதி அனுப்பினேன். கடைசி நாலு ரீலில் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பது அச்சான பிறகுதான் தெரிந்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு வாத்தியார் என்னைத் தேடி வந்து, தன் மனைவி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று முறையிட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் கோவிந்தன் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் ஆறு மா நிலம், ஏறக்குறைய இரண்டு ஏக்கர். கோவிந்தன் அதை வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்து வந்தார். பத்திரம் கிடையாது. ரசீது கிடையாது. குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்ததும் மனுக் கொடுத்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் எதிர்மனுப் போட்டார். அது பண்ணையின் சொந்தச் சாகுபடி, கோவிந்தன் கூலிக்கு வந்த ஆள், அவ்வளவுதான் என்றார். பெயர் ஏறினால் கோவிந்தனை யாரும் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு அந்த வரப்பில் அவர் கால் வைக்க முடியாது. சுற்றி இருந்த நிலமெல்லாம் மிராசுதாருடையது என்பதால் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. முக்கால் படத்தின் சைக்கிள் கடை இருந்ததும் அந்த மிராசுதார் இடத்தில்தான்.

"யோசிச்சீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"கேக்காம இருந்தா சொல்ல வேணாம். அவரு கேட்டுட்டாரே," என்றார். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை சத்திரத்துக் கூடத்தில் பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தது. மேஜைக்குப் பின்னால் தாசில்தார், பக்கத்தில் எழுத்தர். ஒரு பெஞ்சில் மிராசுதார், வெள்ளி வெற்றிலைப் பெட்டியோடு. அவருக்காகப் பேச வந்த காரியஸ்தர் நின்றுகொண்டிருந்தார். கோவிந்தன் தூணோரம். அவர் துண்டை இடுப்பிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து இடுப்புக்கும் மாற்றியதை ஐந்து முறை பார்த்தேன்.

"நீங்க என்ன பாத்தீங்க?" என்றார் தாசில்தார்.

"போன தை மாசம் ஞாயித்துக்கிழமைங்க. பகல் ஆட்டத்துக்குப் போயிட்டு வெளியில வந்தேன். பின்னால வயல்ல கோவிந்தன் அறுப்புக்கு ஆள் எறக்கிக்கிட்டு இருந்தாரு. பண்ணை ஆளுங்க ஒருத்தரும் இல்லீங்க."

"என்ன தேதி?"

"தங்கச்சி கஷ்டப்படற படம் ஓடுன ஞாயித்துக்கிழமைங்க."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாப் படத்துலயும் தங்கச்சி கஷ்டப்படுதே."

"இதுல தையல் மெஷினை வித்துடுதுங்க."

"ஓ, அதுவா," என்றார் தாசில்தார்.

எழுத்தர் தலை நிமிர்ந்தார். "தையல் மெஷின் யாரு அனுபவத்துல இருந்துதுன்னு எழுதணுங்களா சார்?"

"அது படத்துலய்யா."

எழுத்தர் 'படத்தில்' என்று எழுதிக்கொண்டார்.

காரியஸ்தர் முன்னால் வந்தார். கும்பகோணத்துக் கோர்ட்டுகளில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். "அந்தப் படம் ஹவுஸ்ஃபுல்லு. ஒரு சனம் எந்திரிக்கல. நீரு மட்டும் பாதியில வந்துட்டீராக்கும்?"

"முக்காலுங்க."

"சரி, படம் பாத்தீரே, கடைசியில என்ன ஆச்சு? சொல்லும்."

"தெரியாதுங்க."

"பாத்துக்குங்க சார். இந்த ஆளு படமே பாக்கல."

தாசில்தார் எழுத்தர் எழுதியதை எட்டிப் பார்த்தார். "முடிவுக்கு முன்னாடி வந்துட்டேங்கறாரு. முடிவு தெரியாதுங்கறாரு. சரியாத்தானே இருக்கு?"

"அப்ப முடிவு தெரிஞ்சிருந்தா?"

"அப்பதான் பொய்ச் சாட்சி."

தான் நிரூபிக்க வந்தது என்ன என்பதைக் காரியஸ்தர் மனதுக்குள் தேடியது முகத்தில் தெரிந்தது. கடைசியில், எதற்கென்றே இல்லாமல், "சரி, படம் எப்படித்தான் இருந்துது?" என்றார்.

"சுமாருங்க," என்றார் முக்கால் படம். "அந்தப் பொண்ணு மெஷினை வித்துட்டு அழுதுக்கிட்டே போவுது. அவ்வளவுதான். அதுல ஒண்ணும் இல்ல."

"சுமாரா?"

பெஞ்சிலிருந்து வந்தது குரல். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மிராசுதார் எழுந்து நின்றிருந்தார். வெற்றிலைப் பெட்டி கீழே விழுந்து சீவல் சிதறியது.

"என்னய்யா ஒண்ணும் இல்ல? ஏழு தடவை பாத்திருக்கேன்யா நானு. அதுக்கப்புறம்தான்யா படமே. அண்ணங்காரன் அந்த மெஷினைத் தேடிக்கிட்டு ஊர் ஊரா அலையறான். கடையில கண்டுபுடிக்கறான். அதுல தங்கச்சி பேரைக் கீறி வெச்சிருக்கறதைத் தடவிப் பாக்கறான் பாரு, அங்க அழாதவன் மனுஷனே இல்ல."

"ஐயா," என்றார் காரியஸ்தர் மெதுவாக.

"நீ இரு. சுமாருங்கறான். அன்னைக்கு மூணாவது தடவை பாத்துக்கிட்டு இருக்கேன். மெஷினைத் தடவற நேரம். இந்தக் கோவிந்தன் உள்ள வந்து காதுகிட்ட, 'ஐயா, அறுப்புக்கு ஆள் எறங்கிட்டாங்க, பண்ணையிலேருந்து களத்துக்கு யாராச்சும் வருவீங்களா'ங்கறான். நான் திரும்பிக்கூடப் பாக்கல. 'உன் குத்தகை நெலத்தை நீ அறுத்துக்கடா, என் நெல்லை அளந்து போட்டுட்டுப் போ, என்னை அழ விடுடா'ன்னு வெரட்டுனேன். அப்பேர்ப்பட்ட படம்யா அது."

காரியஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார். கோவிந்தனின் துண்டு தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே நின்றுவிட்டது. மிராசுதாருக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவர் முக்கால் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லு. சுமாரா?"

"நீங்க சொல்றதைப் பாத்தா நல்லா இருக்கும் போலத்தான் தெரியுதுங்க," என்றார் முக்கால் படம். "ஆனா நான் பாக்கலிங்களே."

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார். "இதெல்லாம் எழுதட்டுங்களா சார்?"

"படத்தை விட்டுட்டு மத்ததை எழுதுங்க," என்றார் தாசில்தார்.

கோவிந்தனின் பெயர் பதிவேட்டில் ஏறியது. என் பத்திரிகையில் அது மூன்று வரியாக, மழை நிலவரத்துக்குக் கீழே வந்தது.

ஒரு குழப்பம் எனக்கு மிச்சமிருந்தது. விசாரணை முடிந்து அறைக்கு வந்து பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். தை மாதத்துப் பக்கத்தில், முக்கால் படம் கடையில் சொன்னதை நானே எழுதி வைத்திருந்தேன்: 'தையல் மெஷின் படம். ரொம்ப நல்ல படம் என்கிறார். அதனால் சீக்கிரம் வந்துவிட்டாராம்.' மிராசுதாருக்கு அந்தப் படம் உயிர் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அண்ணே, அன்னைக்கு ரொம்ப நல்ல படம்னீங்களே. சாட்சியில சுமாருன்னீங்க?"

அவர் பம்பை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். "அப்படியா சொன்னேன்?"

"எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதினதை நீங்க பாத்தீங்க," என்றார். பிறகு டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்து போதும் தம்பி, எதுக்குத் தெனம் வர்றீங்க?" என்றார்.

அது உண்மை. என் சைக்கிளுக்கு அந்த மாதம் முழுவதும் காற்றுக் குறையவே இல்லை.

பத்து நாள் திருச்சியில் வேலையாக இருந்துவிட்டுத் திரும்பியபோது மிராசுதார் இடத்தில் கடை இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம், வாய்க்கால் கரையில், நாலு மூங்கில் நட்டு அதன் மேல் புதுக் கீற்று வேய்ந்திருந்தது. அதன் கீழே ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. கீற்றைக் கோவிந்தன் முடைந்திருந்தார்.