நயாகரா காட்டப் போய் அமெரிக்கா காட்டிய கதை

கனடாவில் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் ஒரு வியாதி பிடித்துவிடும். வந்தவர் களைப்பாறினாரா, வயிற்றுக்குச் சாப்பிட்டாரா என்பதெல்லாம் பிறகு. முதலில் அவரைக் கொண்டுபோய் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட வேண்டும். மழையோ பனியோ, வந்தவருக்கு முழங்கால் நோவோ, எதுவும் கணக்கில்லை. அந்த வியாதி எனக்கும் முற்றிப்போய் இருந்தது. அது ஒரே நாளில் சுகமான விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

வந்தவள் சுபா. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது அங்கேயே ஆங்கில ஆசிரியை. அவளுடைய மகள் தர்சி கலியாணம் முடித்து ஸ்காபரோவில் இருக்கிறாள். தர்சிக்கு முதல் பிள்ளை பிறக்க மூன்று வாரம் இருந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக, இரண்டு முறை மறுக்கப்பட்டு மூன்றாம் முறை கிடைத்த விசாவில் சுபா வந்திருந்தாள். அந்த விசாவில் ஒரு தடவைதான் நாட்டுக்குள் வரலாம். அவள் இங்கே நின்ற நாட்களில் மூன்று நாளை நான் தர்சியிடம் கெஞ்சி வாங்கி, சுபாவை வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் அப்பாட்மென்டுக்குக் கூட்டி வந்தேன்.

"அன்ரி, மூண்டு நாள்தான். பிறகு அம்மாவைப் பத்திரமாக் கொண்டுவந்து விடவேணும்" என்றாள் தர்சி.

"நான் என்ன, உன்ரை அம்மாவைத் துலைச்சுப்போடுவனே?" என்று சிரித்தேன். (இந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.)

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வருவதற்கு இரண்டு வருடம் முன் சுபாவின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று அவளுக்கு நான் போனில் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன். ஒரேயொரு படம். அழைத்துப் பேசவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நாளைக்கு என்று தள்ளினேன், பிறகு அடுத்த கிழமைக்கு என்று தள்ளினேன், பிறகு இவ்வளவு நாள் கழித்து எப்படி எடுப்பது என்று வெட்கம் வந்துவிட்டது. ஆகவே அவள் வந்ததும் நான் அவளை ஓரிடத்தில் இருக்க விடவில்லை. இரண்டு நாளும் கோபுரம், கோயில், கடைத்தொகுதி என்று இழுத்துக்கொண்டு திரிந்தேன். சும்மா இருந்தால் அந்தக் கதை வந்துவிடும் என்று பயம்.

போன இடமெல்லாம் அவளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். கோப்பிக் கடையில் அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "சீனி போடவோ எண்டு கேக்கினம்" என்று தமிழில் விளக்குவேன். முப்பது வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கும் மனுஷி. தலையை மட்டும் ஆட்டுவாள்.

மூன்றாம் நாள் நயாகரா. என் கணவருக்கு வேலை. "சனிக்கிழமை போவம், நான் கார் ஓடுறன்" என்றார். சனிக்கிழமை சுபாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமே! "ஏன், நான் ஓடமாட்டனே?" என்று அவள் முன்னால் கேட்டுவிட்டேன். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், நல்ல மனுஷன், கார்ச் சாவியை எடுத்துத் தந்தார்.

உண்மை என்னவென்றால், கனடாவுக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் ஹைவேயில் தனியாக ஓடியது கிடையாது. வேலைக்கும் பிளாஸாக் கடைகளுக்கும் கோயிலுக்கும் ஓடுவேன், எல்லாம் பத்து நிமிடப் பாதை. சுபாவுக்கோ போனில் பேசிய காலத்தில் என்னைப் பற்றி வேறு மாதிரிச் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு ஓடத் தெரியும், லேன் மாற்றத்தான் தெரியாது. கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலால் பார்த்து, விளக்கைப் போட்டு முடிப்பதற்குள் இருந்த இடைவெளி போய்விடும். அதனால் ஏறின லேனிலேயே கடைசிவரை இருப்பது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

அந்தக் கொள்கை நயாகரா ஊர் எல்லைவரை ஓரளவு எங்களைக் காப்பாற்றியது. பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். "ஏன்டி அடிக்கினம்?" என்று சுபா கேட்டாள். "இங்கை இப்பிடித்தான், சும்மா அடிப்பினம்" என்றேன். (இங்கே யாரும் சும்மா அடிப்பதில்லை.)

ஊருக்குள் வந்ததும் போனில் வழி சொல்லும் பெண் இடப்பக்க லேனுக்குப் போகச் சொன்னாள். நான் விளக்கைப் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், ஒரு பெரிய பஸ் வந்தது, விட்டேன். அவள் திரும்பவும் சொன்னாள். திரும்பவும் பார்த்தேன், திரும்பவும் ஏதோ வந்தது. மேலே பச்சைப் பலகையில் அம்புக்குறியோடு என்னவோ எழுதியிருந்தது. வாசிக்க நேரமில்லை. இரண்டு பக்கமும் தடுப்பு வந்தது. பாதை ஒரு பாலத்தில் ஏறியது.

"வதனி, உங்கை பாரடி, எவ்வளவு வடிவாத் தெரியுது" என்று சுபா யன்னலைக் காட்டினாள். அந்தப் பாலத்திலிருந்து நயாகரா மிக அழகாகத் தெரியுமாம். நான் பார்க்கவில்லை. முன்னால் போன காரின் பின்விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கப் பயம்.

கொஞ்சத் தூரம் போனதும் சுபா கேட்டாள். "இந்தக் கொடி என்னடி? இது கனடாக் கொடி இல்லையே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்ப வழியில்லை, பின்னால் இருபது கார். எல்லைக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி என்னுடைய ஓட்டுனர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவுக்கு எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"வரவில்லை" என்றேன்.

"வந்துவிட்டீர்களே" என்றார்.

என்னுடைய பாஸ்போட் வீட்டில் அலுமாரிக்குள். சுபாவின் பாஸ்போட் கைப்பையில் இருந்தது, அமெரிக்க விசா இல்லை. காரை ஓரத்தில் விடச் சொல்லி, போன்களை அணைக்கச் சொல்லி, எங்களை ஓர் அறையில் இருத்தினார்கள். நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மணிக்கூடு, வேறொன்றுமில்லை. சுபாவின் பாஸ்போட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சுபா மெதுவாகக் கேட்டாள்.

"ஒருக்காத்தானே உள்ளுக்கு வரலாம் எண்டு விசாவிலை போட்டிருக்கு. நான் இப்ப கனடாவை விட்டு வெளிக்கிட்டிட்டனோடி?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"அங்காலை விடாட்டில் என்னை இஞ்சையிருந்தே ஊருக்கு அனுப்பிப்போடுவாங்களோ? தர்சியின்ரை பிள்ளையைப் பாக்கேலாமப் போடுமோ? தர்சி தனிய என்ன செய்வாள்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, மொழிபெயர்க்கவும் ஒன்றும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அவர் செத்த அண்டும் இப்பிடித்தான்" என்றாள் சுபா. "ஆசுப்பத்திரியிலை என்னை ஒரு கதிரையிலை இருத்திப்போட்டு அவரை உள்ளுக்குக் கொண்டு போயிட்டாங்கள். ஒருத்தரும் வந்து ஒண்டும் சொல்லேல்லை."

"என்ன நடந்ததடி?" என்று கேட்டேன். இரண்டு வருடம் பிந்திக் கேட்டேன்.

சொன்னாள். அன்று காலை தேத்தண்ணிக்குச் சீனி கூட என்று அவரோடு சண்டை பிடித்ததிலிருந்து, செத்தவீட்டுக்கு மறுநாள் வழக்கம்போல இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றிவிட்டு நின்றதுவரை சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. அது எனக்கு லேன் மாற்றுவதைவிடக் கஷ்டமான காரியம்.

"நான் போன் எடுத்திருக்கவேணும். என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"ஓம், எடுத்திருக்கவேணும்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு, "ஒண்டு சொன்னால் கோவிக்கமாட்டியே?" என்று கேட்டாள்.

"சொல்லு."

"நயாகரா நான் மூண்டு தரம் பாத்திட்டன். மருமோன்ரை ஆக்கள் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போச்சினம். தர்சி ஒருக்கா. பிறகு மருமோனும் ஒருக்கா."

"அடி விசரி! ஏன் சொல்லேல்லை?"

"நீ ஆசைப்பட்டுக் கூப்பிட்டனி. எப்பிடி மாட்டன் எண்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அழுதுகொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இரண்டு மணி நேரத்தின் பின் ஒரு தாளைத் தந்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். பாலத்தின் மறுகரையில் கனடாக் கூண்டு. உள்ளே இருந்த அதிகாரி ஓர் இளம் பெண். தாளைப் பார்த்தார், சுபாவின் விசாவைப் பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்து ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டது.

சுபா என் பக்கமாகச் சாய்ந்து, வகுப்பறைக் குரலில், ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள். "என் மகளுக்கு மூன்று வாரத்தில் குழந்தை பிறக்க இருக்கிறது. அதற்காகத்தான் கனடாவுக்கு வந்தேன். என் சிநேகிதிக்கு லேன் மாற்றத் தெரியாது. இதைத் தவிர நாங்கள் வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை."

அதிகாரி என்னைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார்.

கணவருக்குக்கூடச் சொல்லாததை ஓர் அரசாங்க அதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பாஸ்போட்டைத் திருப்பித் தந்தார். அமெரிக்காவுக்கு மட்டும் போய்த் திரும்புகிறவருக்கு, தங்கும் காலம் முடியாதவரை, அந்த விசாவே போதுமாம். போகலாம் என்றார். சுபா பாஸ்போட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் முதல் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

கணவருக்குப் போன் எடுத்தேன். "எங்கை நிக்கிறீர்?" என்றார். "அமெரிக்காவிலை நிண்டனாங்கள், இப்ப கனடாவுக்கு வந்திட்டம்" என்றேன். "சாப்பிட்டீரோ?" என்று மட்டும் கேட்டார்.

"நீர்வீழ்ச்சியைப் பாத்திட்டுப் போவமோ?" என்று சுபாவிடம் கேட்டேன். (வியாதி உடனே விடாது.) "அம்மாவாணை வேண்டாம், வீட்டை போவம்" என்றாள். வலப்பக்க லேனில் எண்பதுக்கு மேல் போகாமல் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் கதைத்தோம்.

பத்தொன்பதாம் நாள் தர்சிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. முதலில் கையில் ஏந்தியவள் சுபா. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. போன கிழமை பிளாஸாவுக்குப் போக என் காரில் ஏறியவள், பெல்ற்றைப் போட்டுக்கொண்டு மிகவும் பொறுப்பாக, "அன்ரி, பாஸ்போட் எடுத்தாச்சோ?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் என் காரில் ஏறும் எல்லோரும் இதைக் கேட்பார்கள். காரில் ஏறினால் கேட்கவேண்டிய கேள்வி இது என்றே பிள்ளை நினைத்திருக்கிறது.

சுபா ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிறுதோறும் போன் எடுக்கிறேன், தள்ளிப்போடுவதில்லை. கனடாவில் எந்த இடம் நல்லாயிருந்தது என்று அங்கே அவளிடம் கேட்பவர்களுக்கு, "அமெரிக்காக்காரன்ரை ஒரு பிளாஸ்டிக் கதிரை" என்று சொல்வாளாம். கேட்பவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். அம்மா மட்டும் சிரிக்கிறதில்லை என்று ஊருக்குப் போய்வந்த தர்சி சொன்னாள்.