குணா மாமாவின் வேலையும் என் எம்.ஏ.வும்

வீட்டில் ஒருவர் படித்துவிட்டால் குடும்பமே முன்னுக்கு வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பின்னுக்குப் போனதே என் படிப்பால்தான்.

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுச் செய்யூரில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (வேலைக்கு முயற்சி செய்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வது.) அக்கா வீட்டுக்காரர் குணா மாமா, கல்பாக்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் எலெக்ட்ரீஷியன். இடையில் ஒரு நாள்கூட விடாமல் ஐந்து வருஷம் ஓட்டினால் நிரந்தரம் என்று பேச்சு. மாமா நான்கை முடித்திருந்தார். ஒவ்வொரு வருஷக் கடைசி நாளிலும், பகல் பன்னிரண்டு மணிக்குள், வேலையில் தொடர விரும்புவதாக ஒரு கடிதம் கொடுத்தாக வேண்டும்.

அந்த நான்காம் வருஷக் கடைசி நாளில் அவருக்கு மதிய ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கே வெள்ளைத் தாளோடு வந்தார்.

"ரெண்டு வரி எயுதிக் குடும்மா. தமிழ்லயே போதும்."

"ஆபீசுக்குத் தமிழ்லயா? நான் எதுக்கு இருக்கேன் மாமா?" (அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'கன்டினியூயேஷன்' போடுவதா, 'கன்டினியுவன்ஸ்' போடுவதா? முன்னது, நின்றுபோனதை மறுபடி தொடங்கினாலும் பொருந்தும். பின்னது, நிற்காமல் நீடிப்பது. இதை மாமாவுக்கு உதாரணங்களோடு விளக்கினேன். அகராதியைப் பிரித்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். கல்லூரித் தோழிக்குப் போன் போட்டு அவளோடு சண்டையும் பிடித்தேன்.

"எதுனா ஒண்ணு போடும்மா. பஸ்சு பூடும்," என்றார் மாமா.

"தப்பா எழுதினா என் மானம் போயிடும்."

"அவரு வேல போனா பரவால்லியா?" என்றாள் அடுப்படியிலிருந்து அக்கா.

பத்தே முக்காலுக்கு ஒருவழியாக 'கன்டினியுவன்ஸ்' ஜெயித்தது. பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் மாமா போய்ச் சேரும்போது பன்னிரண்டேகால். மற்றவர்கள் தமிழில் கிறுக்கிக் கொடுத்ததையெல்லாம் படித்துக்கூடப் பார்க்காமல் கட்டி வைத்துவிட்டு, குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். ஒரு வாரம் அலையவிட்டு, மாமாவைப் புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு வருஷமும் போயிற்று.

மாமா திட்டவில்லை. "நின்னுபோயி மறுபடி ஆரம்பிச்சா அதுக்கு இன்னாம்மா பேரு சொன்ன?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லிவிட்டு அழுதேன்.

இப்போது நான் அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை; இருப்பது அதே அக்கா வீட்டில்தான். மாமாவின் ஐந்து வருஷம் இன்னும் முடியவில்லை. கரண்ட் போய் வந்தால், "சித்தி, இது ரெண்டுல எது?" என்கிறாள் அக்கா மகள். வீடே சிரிக்கிறது, மாமா உட்பட.

ஆனால் அந்தக் கடைசி நாள் வந்தால் மட்டும், விடிந்ததும் அவரே தமிழில் இரண்டு வரி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். நான் எட்டிப் பார்த்தால் பையைக் கையால் மூடிக்கொள்கிறார்.

"நீ படிச்சிகினு இரும்மா."